ஈழநாட்டு மருத்துநீர் வழக்கு

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய விஷு புண்ணியகாலத்தில் ஈழத்துச் சைவ மக்கள் தலையில் மருத்துநீர் தேய்த்து முழுகுவர். புத்தாடை புனைதல், பொங்கல், கோயில் வழிபாடு, கைவிசேடம், போர்த்தேங்காய் ஆகிய யாவும் இம்முழுக்கின் பின்னரே நிகழ்வன. எனினும் இப்பண்டிகையைப் பற்றி எழுதுவோர் ஞாயிறு மேடத்திற் புகும் வானியற் செய்தியை விரித்துரைத்து, மருத்துநீரை ஒரு வரியிற் கூறிக் கடந்து செல்வதே வழக்கமாக உள்ளது. செம்பொன்றில் அடங்கும் அச்சிறிதளவு நீருக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதனை வெறுஞ் சடங்கெனத் தள்ளுவோரும், சடங்கென்று போற்றி அதன் மருத்துவப் பொருளை மறந்தோரும் ஒருபடித்தாகவே அவ்வரலாற்றை இழந்து நிற்கின்றனர்.

முதற்கண் சொல்லை நோக்குதல் நன்று. பேச்சு வழக்கிற் சிலர் இதனை 'மருந்துநீர்' என்பர். மருந்து என்னும் மென்றொடர்ச் சொல் வன்றொடராகத் திரிந்து மருத்து என நின்று பிற சொற்களோடு புணர்தல் தமிழ் மரபு. மருத்துவன், மருத்துப்பை முதலியன இவ்வாறு அமைந்தன. ஆகவே மருத்துநீர் என்பதே திருந்திய வடிவம். பெயரிலேயே மருந்து அமைந்திருத்தல் கருதத்தக்கது. இதனைப் புண்ணிய நீரென்றோ தீர்த்தமென்றோ முன்னோர் வழங்கினாரல்லர்.

மூலிகை ஊறிய நீரில் ஆடும் வழக்கைப் பற்றிய விரிவான பழஞ்செய்தி சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையிற் காணப்படுகின்றது. இந்திரவிழா முடிந்தபின் ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை ஒப்பனை செய்கின்றாள். ஒப்பனையின் தொடக்கம் கூந்தலை ஆட்டுதல். அதற்குக் கொண்ட நீர் 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறியதாகும். அடியார்க்குநல்லார் உரை இவற்றின் பெயர்களையெல்லாம் எடுத்தோதுகின்றது. பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல் என்பவற்றோடு ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நாற்பால் மரமும் சேர்ந்து பத்துத் துவராம். கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்பன ஐந்து விரை. இலவங்கம், ஏலம், தக்கோலம், நன்னாரி, இலாமிச்சம், கத்தூரி, புழுகு முதலியன ஓமாலிகையுட் சில.

இப்பட்டியலை ஊன்றிப் படிப்போர்க்கு இது கவியின் மிகைக்கூற்றாகத் தோன்றாது. தொழில் தெரிந்தார் ஒருவரின் கணக்காகவே தோன்றும். துவர்ப்புடைய பட்டைகளும் காய்களும் எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் போக்குவன. விரைப்பொருள்கள் நறுமணம் ஊட்டுவன. ஓமாலிகையுள் மணமும் மருந்துமாய் இருதன்மையும் உடைய சரக்குகள் பல. இவற்றைக் காய்ச்சாது ஊறவைத்தமையும் காரணமுடையது. நீண்ட நேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும் என்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர். துருக்கமும் கத்தூரியும் போன்ற பொருள்கள் தொலைவினின்று வணிகர் கொணர்ந்தவை. அவற்றை நீரிலிட்டு ஊறவைத்தல் புகார் போன்ற பெருந்துறைமுகத்துச் செல்வ வாழ்க்கைக்கே இயல்வதாகும். உழவன் வீட்டிலும் நெசவாளன் வீட்டிலும் பெண்கள் எதனைத் தலைக்கு வைத்து முழுகினர் என்பதைக் காப்பியம் கூறவில்லை. அது காப்பியத்தின் வேலையுமன்று.

மணத்திற்காகவன்றி நோய் தீர்த்தற்பொருட்டு மூலிகை நீரில் ஆடுதல் மருத்துவ நூல்களில் தனியொரு பிரிவாக அமைந்துள்ளது. சரகசங்கிதை வியர்ப்பித்தலாகிய சிகிச்சையை 13 வகையாகப் பகுத்துக் கூறும். காய்ச்சிய மூலிகை நீரை உடலின் மேல் சொரிதல் அவற்றுள் ஒன்று. அந்நீர் நிறைந்த தொட்டியில் நோயாளியை அமிழ்த்தி வைத்தல் மற்றொன்று. பின்னையதற்கு இந்நாட்டிலேயே கல்லிற் சான்றுண்டு. மிகிந்தலை மலையடிவாரத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் மருத்துவமனையின் இடிபாடுகளிடையே ஒரு கற்றோணி உள்ளது. ஒரே கல்லிற் குடையப்பட்ட அதன் உட்புறம், மனிதன் ஒருவன் மல்லாந்து கிடத்தற்கேற்பத் தலை, தோள், கால் என்பவற்றின் வடிவில் அமைந்திருக்கின்றது. எண்ணெயாயினும் கஷாயமாயினும் மிகையாகச் செலவாகாமல் உடல் முழுவதும் மூழ்குதற்கு இவ்வடிவம் உதவியிருக்கும். அக்காலச் சிற்பியின் உளியோடு மருத்துவனின் சிக்கனமும் அங்கே புலனாகின்றது.

இனி, ஆண்டுப் பிறப்போடு தொடர்புடைய மருத்துநீரைப் பற்றிய தெளிவான வரலாற்றுக் குறிப்பொன்று கண்டி இராச்சியத்தினின்று கிடைக்கின்றது. அதனை எழுதிவைத்தவர் யோன் டேவி என்னும் ஆங்கில இராணுவ மருத்துவர். 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணியாற்றிய இவர் 1821இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், கண்டியரசர் காலத்துப் புத்தாண்டுச் சடங்கை விவரித்துள்ளார். புத்தாண்டுக்கு முன்னர் அரண்மனை வைத்தியரின் மேற்பார்வையில் நாததேவாலயத்தில் மூலிகைச் சாறுகள் ஆயத்தஞ் செய்யப்படும். அவை ஆயிரம் சிறு கலங்களில் நிரப்பி மூடப்பட்டு, அரச களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து கோயில்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். குறித்த சுபவேளையில் அரசன் காலின் கீழ் இலவமிலையும் கையில் ஆலிலையும் கொண்டு அச்சாற்றைத் தலையிலும் உடலிலும் பூசுவான். விளக்கேந்தி நிற்கும் இளமகளிர் அவனுக்கு நீண்ட ஆயுளை வேண்டி மும்முறை வாழ்த்துவர்.

டேவி இலங்கைக்கு வந்தபோது கண்டியில் அரசன் இல்லை. கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1815இலேயே சிறைப்பட்டுவிட்டான். எனவே இவ்வாசிரியர் கூறுவது கண்ணாற் கண்டதன்று, கேட்டறிந்தது. ஆயினும் இலைகளின் பெயரைக்கூடத் தவறாது குறித்திருத்தலால், சடங்கை நேரிற் கண்டிருந்த பிரதானிகளிடமே அவர் கேட்டிருத்தல் வேண்டும். மேலும், தாமே மருத்துவராயிருந்தமையாற் போலும், ஏனைய பிரயாணிகள் கவனியாதுவிடும் சாற்றுக் கலங்களை அவர் எண்ணிக்கையோடு எழுதிவைத்தார்.

ஆலும் இலவும் என்னும் இவ்விரண்டு இலைகளும் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியனவல்ல. மருத்துநீர் தேய்க்கும்போது தலையிலும் காலிலும் வைக்கவேண்டிய இலைகளை ஆண்டுதோறும் பஞ்சாங்கம் குறிக்கும். ஓராண்டில் ஆலும் இலவும், வேறோராண்டிற் கடம்பும் வேம்பும், இன்னோராண்டிற் கொன்றையும் புங்கும் என அவை மாறிவரும். கண்டியரசன் கைக்கொண்ட இலைகளும் வடபகுதிக் கமக்காரன் முற்றத்து இலைகளும் ஒன்றாயிருத்தல் தற்செயலெனத் தள்ளற்பாலதன்று. தலையில் வைத்து முழுகும் மூலிகைக் கலவையைச் சிங்கள மக்கள் 'நானு' என்பர். தமிழில் நறுமணப் பூச்சைக் குறிக்கும் 'நானம்' என்னும் பழஞ்சொல்லும் இதுவும் நீராடலைக் குறிக்கும் ஒரே வடமொழி அடியிற் பிறந்தன. கண்டித் தலதா மாளிகையிற் புதன்கிழமைதோறும் நிகழும் நானுமுர மங்கலத்தில் நறுமண மூலிகை நீர் இன்றும் பயன்படுகின்றது.

இவ்வொற்றுமை கண்டவுடன் யார் யாரிடம் பெற்றனர் என்று வழக்குரைக்கப் புகுவார் உளர். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் வழியினர் தென்னிந்தியராதலின், அவர்களே இச்சடங்கைக் கொணர்ந்தனர் எனல் எளிது. ஆனால், சடங்கின் நிலைக்களமாகிய நாததேவாலயமோ நாயக்கர் வருகைக்கு மிக முற்பட்டது. கண்டி நகரின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. அவ்வாறே, வடக்கிலிருந்தோர் தெற்கைப் பார்த்துக் கற்றனர் எனற்கும் ஆதாரம் யாதுமில்லை. ஒரே ஞாயிற்றின் வெயிலிற் காய்ந்து, ஒரே வகை மரங்களின் நிழலில் வாழ்ந்த இரு சாராரும் பொதுவானதொரு மருத்துவ மரபிலிருந்து தத்தமக்கு ஏற்றதை எடுத்துக்கொண்டனர் எனக் கொள்ளுதலே சான்றுகளுக்கு இயைபுடையது.

யாழ்ப்பாணத்தில் அம்மரபு நிலைபெற்றதற்கு ஏதுக்கள் பல. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் அரசவைச் சார்பில் எழுந்தன. 1619இல் இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று; கோயில்கள் தகர்க்கப்பட்டன. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின்னும் சைவ வழிபாடு வெளிப்படையாக நடத்தற்கு இடமிருக்கவில்லை. அந்த நூற்றாண்டிலேயே அராலி இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தார் என்பது சிந்தித்தற்குரியது. கோயிலும் கொடிமரமும் இல்லாத காலத்தில் ஒரு குடும்பம் தன் சமயத்தை எதனாற் பேணும்? நாளும் திதியும் அறிய ஓர் ஏடு, ஓர் அடுப்பு, ஒரு பானை, பின்வளவிற் சில செடிகள் ஆகியவை போதுமாயிருந்தன. மருத்துநீர் போன்ற வீட்டுச் சடங்குகள் அழியாதிருந்தமைக்கு அவற்றின் இவ்வெளிமையே காரணமெனலாம்.

இன்று யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கங்களில் மருத்துநீருக்கெனக் காணப்படும் பொருள்கள் பெரும்பாலும் இவை: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு. மொத்தம் 17.

மாதவியின் நீரோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. அகிலும் துருக்கமும் இல்லை. கத்தூரியும் புழுகும் இல்லை. கடையில் வாங்கவேண்டியவை மிளகு, திப்பிலி, சுக்கு, கோரோசனை முதலிய சிலவே. எஞ்சியவை குளத்திலும் வேலியோரத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் கிடைப்பன. புகார்த் துறைமுகத்தின் நறுநீர் பண்டகசாலையை நம்பியது. யாழ்ப்பாணத்து மருத்துநீர் வளவை நம்பியது. சரக்குகளின் சேர்க்கையிலும் ஓர் ஒழுங்கு புலப்படுகின்றது. தாமரை, அறுகு முதலியன குளிர்ச்சி தருவன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் மருத்துவர் திரிகடுகம் என வழங்கும் வெப்பச் சரக்குகள். சங்கிராந்தி நள்ளிரவிலோ விடியற்புறத்திலோ நிகழும் ஆண்டுகளும் உண்டு. அவ்வேளை முதியோரும் குழந்தைகளும் தலைமுழுகினால் சளிபிடிக்கும் என்ற அச்சம் இயல்பானது. பங்குனி சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சியும், அகால முழுக்குக்கு வெப்பமும் ஒரே பானையில் அமைக்கப்பட்டுள்ளன. இஃது ஏதோ கைக்குக் கிடைத்த இலைகளைக் கூட்டிய கலவையன்று. (வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புண்ணியகாலத்தை வேறுவேறு நேரத்திற் குறிக்கும்போது எப்பொழுது முழுகுவது என்ற வாதம் வீடுதோறும் எழும். பட்டியலைப் பற்றிய வாதம் ஏனோ எழுவதில்லை.)

பஞ்சாங்கம் பொருள்களின் பெயரைக் கூறுமேயன்றி அளவைக் கூறாது; எதனை முன்னிடுவது, எதனைப் பின்னிடுவது என்றும் கூறாது. உள்ளே அருந்தும் குடிநீராயின் நாலிலொன்றாகவோ எட்டிலொன்றாகவோ வற்றக் காய்ச்சுக என்ற விதி உண்டு. தலைக்கு வைக்கும் நீருக்கு அத்தகைய வற்றல் வேண்டா. சுக்கும் மஞ்சளும் போன்ற கடினமான சரக்குகளை இடித்து முதலிற் கொதிக்கவிட வேண்டும். இலைகளை அதன்பின் இட வேண்டும். மணமுள்ள பூக்களை இறக்கும் தறுவாயிலேயே சேர்க்க வேண்டும். பாலைக் கொதிநீரில் இடின் திரிந்துவிடுமாதலால் நீர் ஆறவேண்டும். இவ்வறிவு ஏட்டில் ஏறியதன்று. அடுப்பங்கரையில் நின்ற பாட்டி தன் மகளுக்கும் மருமகளுக்கும் காட்டிக்கொடுத்தது.

அப்பாட்டியின் அறிவு ஆண்டுக்கொரு நாளோடு நின்றுவிடவில்லை. பிள்ளைப்பேற்றின் பின் தாயை வேது நீரில் முழுகவார்த்தல் யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கம். நொச்சி, பாவட்டை, ஆமணக்கு, வேம்பு முதலியவற்றின் இலைகளைப் பெரிய கிடாரத்தில் அவித்து, தாங்கக்கூடிய சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் ஊற்றுவர். ஊற்றும் சூட்டின் அளவை மருத்துவிச்சி தன் புறங்கையால் அறிவாள். சரகசங்கிதை வகுத்த சொரிதற் சிகிச்சைக்கும் இதற்கும் முறையில் வேற்றுமையில்லை. ஒன்று வடமொழியிற் சூத்திரமாயிற்று, மற்றையது கிணற்றடியில் கைப்பழக்கமாயிற்று. அம்மை நோய் தணிந்தபின், வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலிற் சூடேறவைத்த நீரைத் தலைக்கு வார்த்தலும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பெரியம்மை உலகில் ஒழிந்துவிட்டதென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எனினும் சின்னம்மைக்கு அந்நீர் இன்றும் வார்க்கப்படுகின்றது. அந்நீர் நோயைத் தீர்ப்பதன்று. நோய் தீர்ந்தபின் வார்ப்பது. இவ்வேறுபாட்டை மறந்து மூலிகை நீரே மருந்தென இருந்துவிடுவது முன்னோர் முறையாகாது.

நாள்தோறும் வாரந்தோறும் நடைபெற்ற முழுக்கிலேதான் மாற்றம் விரைந்து புகுந்தது. சனிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து, சீயாக்காய், வெந்தயம், பயறு, தேசிக்காய் என்பவற்றை அவித்தரைத்த அரப்பு வைத்து முழுகுதல் ஒரு காலத்தில் எவ்வீட்டிலும் தவறாதது. 1938இல் லீவர் பிறதேர்ஸ் கம்பெனி கொழும்பில் நிறுவப்பட்டது. கடைதோறும் சவர்க்காரம் மலிந்தபின் அரப்புச் சட்டி பரணில் ஏறியது. அம்மியில் அரைக்கும் உழைப்பு மிச்சமாயிற்று. அதில் வருந்தற்கு ஒன்றுமில்லை. ஆனால் வாரந்தோறும் செய்த அவித்தலும் அரைத்தலும் நின்றபோது, ஆண்டுக்கொரு முறை மருத்துநீர் காய்ச்சுதற்கு வேண்டிய கைப்பழக்கமும் உடன் போயிற்று. நித்தியமானது நீங்க, நைமித்திகம் மட்டும் தனித்து நின்றது.

அவ்விடத்தைக் கோயில் நிரப்பியது. வருடப்பிறப்புக்கு முன்னாளில் ஆலயங்களில் அந்தணர் மருத்துநீர் காய்ச்சி வழங்க, அடியார்கள் செம்பிலும் போத்தலிலும் பெற்றுச் செல்வர். இது பொருத்தமற்ற மாற்றமன்று. ஆலயத்திற் மூர்த்திக்கு நிகழும் திருமுழுக்கின் முறையை நோக்கினால், எண்ணெய்க்காப்பு, மாக்காப்பு, நெல்லிக்காப்பு, மஞ்சட்காப்பு, பஞ்சகவ்வியம் எனத் தொடர்தல் காணலாம். எண்ணெய் பூசி, அதனை மாவாலும் நெல்லிமுள்ளியாலும் போக்கி, மஞ்சள் பூசிக் குளித்த பழந்தமிழ்க் குடும்பத்தின் நீராட்டே அங்கு இறைவனுக்கு உரியதாயிற்று என்பது புலனாகும். வீடு கைவிட்ட முறையைக் கருவறை காத்து வைத்திருக்கின்றது. ஆயினும், ஆலயத்திலிருந்து போத்தலில் வரும் நீரைப் பெறும் பிள்ளை அதனுள் யாது உண்டென்பதை அறியான். விஷ்ணுகிராந்தி வறண்ட நிலத்திற் படர்ந்து சிறு நீலப்பூப் பூக்கும் கொடியென்றும், சீதேவியார் செங்கழுநீர் குளத்துச் செங்கழுநீரன்று, வளவில் தானே முளைக்கும் ஊதாப்பூப் பூண்டென்றும் காட்டுவார் அருகிவிட்டனர். தாவரவியற் பாடத்திற் புறநாட்டுச் செடிகளின் படத்தை வரையும் மாணாக்கர் இப்பூண்டை மிதித்துக்கொண்டே பாடசாலைக்கு வருகின்றனர்.

2020ஆம் ஆண்டு சித்திரையில் நாடெங்கும் கொள்ளைநோயை முன்னிட்டு ஊரடங்கு நிலவியது. மக்கள் ஆலயங்களிற் கூடுதல் இயலாதாயிற்று. மருத்துநீர் வேண்டுவோர் தத்தம் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள வேண்டிய நிலை பல தலைமுறைகளின் பின் மீண்டும் எய்தியது. தாழம்பூவுக்கும் கோரோசனைக்கும் எங்கே போவது? துளசி, அறுகு, வேப்பிலை, மஞ்சள் என வளவிலும் அடுக்களையிலும் உள்ளவையே பானைக்கு எட்டுவனவாயின. அவ்வாண்டிலேயே மஞ்சள் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டினால், பட்டியலில் மிக எளியதாயிருந்த அச்சரக்கின் விலை பன்மடங்கு ஏறிற்று. அதன்பின் இலங்கையின் பல பாகங்களிலும் மக்கள் வீட்டுத் தோட்டங்களில் மஞ்சட் கிழங்கு நடத் தொடங்கினர்.